கமக்காரரின் களைப்பும் அதனைத் தவிர்க்கும் வழிகளும்

நெற்பயிர் குடலைப் பருவத்தில் நீரின்றி வாடினால் பதர் மிகும் என்பதையும், மிளகாய்க் கன்று காலையிலேயே சோர்ந்து நிற்பது வேரில் ஈரம் போதாமையின் அறிகுறி என்பதையும் கமக்காரர் யாவரும் அறிவர். பயிரின் வாட்டத்தைக் கண்டவுடன் வாய்க்காலைத் திருப்பும் கமக்காரர், தமது உடலின் வாட்டத்தைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. பிடித்த வேலை முடியட்டும் என்று தாகத்தை அடக்குவதும், வெறுந்தேநீருடன் வயலுக்குச் சென்று நண்பகல் கழிந்த பின்னரே முதலுணவு உண்பதும் பல இடங்களிற் காணப்படும் வழக்கமாகும். இதனால் உண்டாகும் நட்டம் அன்றைய வேலையோடு நின்றுவிடுவதில்லை.

களைப்பு உண்டாகும் விதம்

கொத்தும்போதும் வரம்பு கட்டும்போதும் தசைகள் செலவிடும் சக்தியில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டது வெப்பமாக மாறுகின்றது. வியர்வை தோலின்மீது ஆவியாகும்போது இவ்வெப்பத்தைக் கொண்டு செல்கின்றது. ஓர் இலீற்றர் வியர்வை முற்றாக ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் உடலை விட்டு நீங்கும். கடும் வெயிலிற் கடின வேலை செய்பவர் ஒரு மணித்தியாலத்தில் ஓர் இலீற்றர் வரையிலும், சிலவேளை அதற்கு மேலும் வியர்வை சிந்துவதுண்டு.

இவ்வாறு இழந்த நீர் மீண்டும் உடலைச் சேராவிடின் குருதியின் நீர்ப்பகுதி குறையும், இதயம் விரைந்து அடிக்கும், உடற்சூடு ஏறும். உடல் நிறையில் நூற்றுக்கு 2 பங்கு நீர் குறைந்தாலே, அதாவது 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் 1.2 இலீற்றர் நீரை இழந்தாலே, வேலை செய்யும் ஆற்றலும் கவனமும் குறையத் தொடங்கும். கவனம் தளர்ந்த நேரத்திற் கத்தியாலும் உழவு யந்திரத்தாலும் விபத்து நேர்தல் எளிது. உடலுக்கு நீர் தேவைப்பட்டுச் சிறிது நேரம் சென்ற பின்னரே தாகம் தோன்றுமாதலால், தாகத்தை மாத்திரம் நம்பியிருத்தல் தகாது.

நீர் அருந்தும் முறை

வேலைக்குப் புறப்படுமுன் இரண்டு கோப்பை நீர் அருந்துதல் வேண்டும். வெயிலில் வேலை நடைபெறும்போது 15 முதல் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு கோப்பை, அதாவது ஏறக்குறைய 250 மில்லிலீற்றர் அருந்துதல் நன்று. ஒரே தடவையிற் பெருமளவு குடிப்பதிலும் சிறிது சிறிதாகப் பல தடவை குடிப்பதே உடலுக்கு ஏற்றது. ஒரு மணித்தியாலத்தில் ஒன்றரை இலீற்றருக்கு மேற் குடித்தலும் ஆகாது. குருதியிலுள்ள உப்பு அளவுக்கு மிஞ்சி ஐதாகித் தீங்கு விளையும்.

அருந்திய நீர் போதுமா என்பதை அறிய இரு எளிய வழிகள் உள. நெல் நிறுக்கும் தராசில் வேலைக்கு முன்னும் பின்னும் ஒருவர் தம்மை நிறுத்துப் பார்க்கலாம். நிறையிற் குறைந்த ஒவ்வொரு கிலோகிராமும் ஓர் இலீற்றர் நீரின் இழப்பைக் குறிக்கும். இரண்டாவது, சிறுநீரின் நிறம். இளமஞ்சளாயின் நீர் போதும். கடும் மஞ்சளாகவோ தேயிலைச் சாயம் போன்றோ இருப்பின் நீர் போதாது. நீர் அருந்திய பின்னரும் நிறம் மாறாவிடின் வைத்தியரைக் காணுதல் வேண்டும்.

வியர்வையுடன் வெளியேறும் உப்பை வேளாவேளைக்கு உண்ணும் உணவே பெரும்பாலும் ஈடுசெய்யும். நீண்ட நேரம் வியர்க்க வேலை செய்வோருக்கு உப்பிட்ட மோர், கஞ்சி, தேசிக்காய் நீர், இளநீர் என்பன உகந்தவை. உயர் குருதியமுக்கம், நீரிழிவு, இதய நோய், சிறுநீரக நோய் உள்ளோர் உப்பையும் சீனியையும் நீரின் அளவையும் வைத்தியரின் ஆலோசனைப்படியே கொள்ளல் வேண்டும். கள்ளும் சாராயமும் களைப்பைத் தீர்ப்பனவல்ல. மதுபானம் சிறுநீரைப் பெருக்கி உடலின் நீரைக் குறைக்கும்.

நீரின் தூய்மை

வாய்க்கால் நீரையும் வயல் நீரையும் அருந்துதல் கூடாது. கொதித்தாறிய நீரை வீட்டிலிருந்தே மூடிய கொள்கலனிற் கொண்டு சென்று மர நிழலில் வைத்தல் வேண்டும். கிருமிநாசினி வந்த கொள்கலனை எத்தனை முறை கழுவினாலும் குடிநீருக்குப் பயன்படுத்தலாகாது. மருந்து தெளித்தவர் கைகளையும் முகத்தையும் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே நீரையோ உணவையோ தொடுதல் வேண்டும்.

வட மத்திய மாகாணத்திலும் அதனையடுத்த வரண்ட வலயப் பகுதிகளிலும் 1990களிலிருந்து நெற்செய்கையாளர் பலரை நாட்பட்ட சிறுநீரக நோய் பீடித்து வருகின்றது. நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாதவரையும் இந்நோய் பற்றுகின்றது. இதற்குக் காரணமாயிருக்கலாமென ஆராயப்படுபவற்றுள் குடிநீரின் தன்மை, விவசாய இரசாயனங்கள் ஆகியவற்றுடன், வெப்பத்தில் அடிக்கடி நீரிழந்து வேலை செய்தலும் ஒன்றாகும். தொடக்கத்தில் நோவோ வேறு அறிகுறியோ தோன்றாதபடியால், இப்பகுதிகளில் உள்ளோர் குருதி, சிறுநீர்ப் பரிசோதனைகளைக் காலந்தோறும் செய்துகொள்ளுதல் அவசியம்.

களைப்புடன் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண் சிவத்தலும் காணப்படின் அது எலிக்காய்ச்சலாக இருத்தல் கூடும். சேற்றில் இறங்கிய ஒருவருக்கு இவை தோன்றினால், வேலைக் களைப்பென்று தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

உணவு

வெறும் வயிற்றுடன் தொடங்கிய வேலை நீடிக்காது. மோர் சேர்த்த பழஞ்சோறு, இலைக்கஞ்சி, குரக்கன் பிட்டு, அவித்த பயறு அல்லது கௌபி ஆகியவற்றுள் ஒன்றையேனும் காலையில் உண்டு செல்லல் வேண்டும். சோற்றுடன் பருப்பு வகைகளைச் சேர்த்து உண்டால், அரிசியிற் குறைவாயுள்ள புரதக்கூறு பருப்பிலிருந்து கிடைக்கும். தீட்டிய பச்சையரிசியிலும் புழுங்கலரிசியில் உயிர்ச்சத்து பி1 மிகுதி. குரக்கனிற் சுண்ணச்சத்து ஏனைய தானியங்களைவிட மிகுந்துள்ளது.

குருதியில் இரும்புச்சத்துக் குறைந்தாலும் ஓயாத களைப்பு உண்டாகும். முருங்கையிலை, பொன்னாங்காணி, பருப்பு வகைகள், மீன், நெத்தலிக் கருவாடு என்பவற்றை உணவிற் சேர்த்து, அவற்றோடு தேசிக்காய்ச் சாறு, நெல்லி அல்லது கொய்யாப்பழம் உண்டால் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். உணவுடன் தேநீர் அருந்துவது இதனைத் தடுக்குமாதலால், உணவுக்கு ஒரு மணித்தியாலத்துக்குப் பின்னர் தேநீர் அருந்துக. விற்பனைக்கென மரக்கறி பயிரிடுவோர் வீட்டுக் கறிக்கும் ஒரு பாத்தியை ஒதுக்குவாராயின் நன்று. வெற்றிலை பாக்குப் பசியை மறைக்குமேயன்றிச் சக்தி தராது. பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோய்க்கு ஏதுவானவை.

பெண்கள் கவனிக்க வேண்டியது

நாற்று நடுகையிலும் களை பிடுங்குதலிலும் ஈடுபடும் பெண்கள், வயலில் ஒதுங்க மறைவிடமில்லாமையால் வேண்டுமென்றே நீர் அருந்தாதிருப்பதுண்டு. இதனாற் களைப்பும் சிறுநீர்ப்பாதை நோயும் உண்டாகும். வயற்கரையில் மலகூடமோ, அதற்கு வசதியில்லாவிடத்துக் கிடுகினால் அடைத்த ஒரு மறைப்போ அமைத்தல் காணி உடையவரின் கடமையாகும். கர்ப்பிணிகள் சிகிச்சை நிலையத்திற் பெறும் இரும்புச்சத்து மாத்திரைகளைத் தேநீருடன் விழுங்கலாகாது.

வேலை நேரமும் அபாயக் குறிகளும்

சிறுபோகக் காலத்திலும் கிழக்கிற் கச்சான் காற்று வீசும் மாதங்களிலும் கடின வேலைகளை விடியற்காலையிலும் பிற்பகல் மூன்றரை மணிக்குப் பின்னரும் வைத்துக்கொள்ளுதல் நன்று. அகன்ற தொப்பியும் தளர்ந்த பருத்தியாடையும் அணிதல் வேண்டும். வெயிலிற் புதிதாக வேலைக்கு இறங்குவோர் முதல் ஒரு வாரமளவில் வேலையைச் சிறிது சிறிதாகக் கூட்டுதல் வேண்டும்.

தலைச்சுற்று, தசைப்பிடிப்பு, குமட்டல் தோன்றினால் உடனே நிழலுக்குச் சென்று, ஆடையைத் தளர்த்தி, நீர் அருந்தி ஓய்வெடுத்தல் வேண்டும். பேச்சுத் தடுமாறினாலோ, அறிவு மயங்கினாலோ, உடல் நெருப்பாய்க் கொதித்தாலோ அது உயிருக்கு ஆபத்தாகும். உடனே 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்ஸ் வண்டியைப் பெறுக. வண்டி வரும்வரை உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறுதல் வேண்டும். மயங்கியவரின் வாயில் நீர் ஊற்றலாகாது.

வயலுக்குச் செல்லும்போது மண்வெட்டியோடு ஐந்து இலீற்றர் குடிநீரும் ஒரு வேளை உணவும் எடுத்துச் செல்வதற்கு ஆகும் செலவு அற்பமே. நோயுற்றபின் இழக்கும் வேலைநாட்களையும் வைத்தியச் செலவையும் எண்ணிப் பார்ப்போர், இவ்வொழுங்கை வரும் போகத்திற்கென ஒத்திவையாது நாளைக் காலையிலேயே தொடங்குவர்.