கட்டிலோடு கட்டிய கைகள்

தொண்டையில் குழாயோடு நள்ளிரவில் கண்விழிக்கும் நோயாளிக்குப் பேச்சு வராது. எங்கிருக்கிறோம் என்பதும் புரியாது. கை தானாகக் குழாயைத் தேடும். தீவிர சிகிச்சைப் பிரிவு நர்சுகள் துணிப்பட்டையை எடுத்து மணிக்கட்டைக் கட்டிலோடு கட்டுவது அப்போதுதான்.

இதில் அவர்களுக்கு மகிழ்ச்சி இல்லை. ஆனால் குழாய் பிடுங்கப்பட்டால் உயிர் போகலாம். பழியும் நர்ஸ் தலையில்தான் விழும்.

சிக்கல் என்னவென்றால், கட்டுப் போட்ட நிலையிலேயே குழாயைப் பிடுங்கியவர்கள் பலர் என்கின்றன ஆய்வுகள். கட்டினால் குழப்பமும் திமிறலும் கூடுகின்றன. முன்பே அடி, பலாத்காரத்துக்கு ஆளானவர்களுக்கு அது பழைய கொடுமையே திரும்பி வந்தது போல. வீடு திரும்பிய பிறகும் கெட்ட கனவுகள் தொடரலாம்.

2001இல் ஏர்வாடித் தீயில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. மற்றக் கட்டுகளுக்கு மனநல மருத்துவரின் அனுமதியும் பதிவும் கேட்கிறது. ஆனால் அது மனநல நிலையங்களுக்கான சட்டம். மற்ற வார்டுகளில் பெரும்பாலும் நர்ஸின் மனசாட்சிதான் சட்டம்.

மாற்று வழிகள் எளியவை: வலியைத் தணிப்பது, மூக்குக் கண்ணாடியைத் தருவது, நடப்பதைச் சொல்வது, உறவினரைக் கைபிடித்து உட்கார வைப்பது. எல்லாவற்றுக்கும் நேரம் வேண்டும். அதாவது, இன்னொரு நர்ஸ் வேண்டும்.