தாயைப் பேணிய மகனும் அமெரிக்க வரிச் சட்டமும்

வேலைக்குச் செல்லும் ஒருவர், தாம் இல்லத்தில் இல்லாத நேரத்தில் குழந்தையையோ நோயுற்ற முதியவரையோ பார்த்துக்கொள்ள ஓர் ஆளை அமர்த்திக் கூலி கொடுக்கிறார். அக்கூலி அவருடைய சொந்தச் செலவா, அன்றித் தொழிலுக்கான செலவா? கேள்வி எளியதே. ஆயினும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வருமான வரிச் சட்டம் இதற்கு விடை காணப் பல பத்தாண்டுகள் தடுமாறியிருக்கிறது. நம் வாசகர் குடும்பங்கள் சிலவற்றின் மக்கள் அந்நாட்டில் பணிபுரிந்து அங்கேயே பிள்ளைகளை வளர்த்துவருவதால், அதனைச் சற்றே விரித்துரைக்க விழைகிறோம்.

1939-ஆம் ஆண்டில் ஸ்மித் என்னும் தம்பதியரின் வழக்கு வரி மேல்முறையீட்டு வாரியத்தின்முன் வந்தது. இருவரும் வேலைக்குச் செல்பவர்கள். குழந்தைக்குத் தாதியரை அமர்த்தினால்தான் மனைவி வேலைக்குப் போக இயலும். ஆகவே அச்செலவை வருமானத்திலிருந்து கழிக்க வேண்டும் என்று வாதாடினர். குழந்தை வளர்ப்பு இல்லத்துச் சொந்த விவகாரம் என்று கூறி வாரியம் மறுத்துவிட்டது. வணிகர் தம் வாடிக்கையாளருக்கு அளிக்கும் விருந்து தொழிற்செலவாக ஏற்கப்பட்ட காலம் அது என்பதை எண்ணும்போது நமக்கு வியப்பே மேலிடுகிறது.

1954-இல் சட்டம் சற்று இளகியது. ஆண்டுக்கு 600 டாலர் வரை கழித்துக்கொள்ள அனுமதித்தது. ஆனால் அச்சலுகை பெண்களுக்கும், மனைவியை இழந்த அல்லது மணமுறிவு பெற்ற ஆண்களுக்குமே உரியது. மனைவி செயலிழந்து கிடக்கும் கணவர்களும் பின்னர்ச் சேர்க்கப்பட்டனர். மணமே செய்துகொள்ளாத ஆண் ஒருவர் யாரையேனும் பேணிவருவார் என்பது சட்டம் இயற்றியோரின் நினைவில் எழவில்லை போலும்.

அத்தகைய ஒருவர் டென்வர் நகரில் இருந்தார். சார்லஸ் மோரிட்ஸ் என்பது அவர் பெயர். பதிப்பகம் ஒன்றின் பணியாளராகிய அவர் அடிக்கடி வெளியூர் செல்ல வேண்டியிருந்தது. 89 வயதான நோயாளித் தாய் அவருடன் வாழ்ந்துவந்தார். தாயை முதியோர் விடுதியில் விட மனமின்றி, வீட்டிலேயே ஒரு பெண்ணை அமர்த்திப் பார்த்துக்கொண்டார். 1968-ஆம் ஆண்டுக் கணக்கில் 600 டாலரைக் கழித்துக் காட்டியபோது, அவர் மணமாகாத ஆண் என்னும் ஒரே காரணத்தால் அது மறுக்கப்பட்டது. இதே நிலையில் ஒரு மகள் இருந்திருந்தால் சலுகை கிடைத்திருக்கும்! மோரிட்ஸ் வழக்கறிஞர் எவருமின்றித் தாமே வரி நீதிமன்றத்தில் வாதாடினார், 1970-இல் தோற்றார்.

அத்தீர்ப்பு மார்ட்டின் கின்ஸ்பர்க் என்னும் வரிச்சட்ட வல்லுநரின் கண்ணில் பட்டது. அவர் தம் மனைவி ரூத் பேடர் கின்ஸ்பர்க்கிடம் அதைக் காட்ட, இருவரும் சேர்ந்து மேல்முறையீட்டை நடத்தினர். 1972-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மோரிட்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியபோது, ஆண் பெண் வேறுபாடு காட்டும் சட்டங்களின் நீண்ட பட்டியல் ஒன்றைக் கணிப்பொறியால் தயாரித்து மனுவோடு இணைத்தது. 1973-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. பட்டியலோ ரூத் அம்மையாருக்கு அடுத்தடுத்து எவ்வழக்கைத் தொடுப்பது என்று காட்டும் வழிகாட்டியாயிற்று. அவரே 1993-இல் அந்த உச்ச நீதிமன்றத்தின் நீதிபதியானார்.

1976-இல் கழிவு நீக்கப்பட்டு, வரித் தள்ளுபடி வந்தது. வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கழிவு வருமானத்தைக் குறைப்பதால் மிகுந்த வரி கட்டுவோருக்கே மிகுந்த பயன் தரும். தள்ளுபடியோ கட்ட வேண்டிய வரியிலேயே நேராகக் குறைவது.

இன்றைய விதிப்படி 13 வயது நிரம்பாத குழந்தைக்கும், தம்மைத் தாமே கவனித்துக்கொள்ள இயலாத வாழ்க்கைத் துணைக்கும், சார்ந்து வாழ்வோருக்கும் இது பொருந்தும். ஒருவருக்கான செலவில் 3,000 டாலரும், இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோருக்கு 6,000 டாலரும் கணக்கில் கொள்ளப்படும். 2003 முதல் இவ்வரம்பு உயரவில்லை, 2021 என்னும் ஓராண்டு நீங்கலாக. காப்பகக் கட்டணமோ ஒரு குழந்தைக்கே பத்தாயிரம் டாலரைக் கடப்பது அங்கே சாதாரணம். பகல் நேரக் கோடை முகாம் சேரும். இரவு தங்கும் முகாம் சேராது.

2025-இல் இயற்றிய சட்டத்தின்படி, 2026 முதல் தள்ளுபடி வருமானத்துக்கேற்ப 50 முதல் 20 விழுக்காடு வரை அமையும். 50 விழுக்காடு என்றதும் மகிழ வேண்டா. 15,000 டாலருக்கு மேற்படாத வருமானம் உள்ளவருக்கே அது உரியது. அவருக்கோ பெரும்பாலும் வருமான வரியே விழுவதில்லை. கட்டாத வரியில் எதைத் தள்ளுவது? மிச்சத்தைக் கையில் கொடுக்கும் ஏற்பாடு 2021-இல் மட்டுமே இருந்தது. ஏழைத் தாய்க்கு இது ஏட்டுச் சுரைக்காய் என்பதே எம் கருத்து.

நம் ஊர்களிலிருந்து பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் பறந்து செல்லும் பாட்டிமார்களின் உழைப்பும் இக்கணக்கில் வராது. கூலி கொடுக்காத இடத்தில் செலவு இல்லை. இங்கே தனித்திருக்கும் பெற்றோருக்கு அனுப்பும் பணமும் அப்படியே. முதியவர் ஆண்டில் பாதிக்கு மேல் அவ்வீட்டிலேயே வாழ்ந்திருக்க வேண்டும்.

உரியவர்கள் 2441 எண்ணுள்ள படிவத்தை நிரப்புகின்றனர். கணவன் மனைவி இருவரும் பொதுவாகச் சேர்ந்தே கணக்குக் காட்ட வேண்டும். இருவருக்கும் ஊதியம் இருக்க வேண்டும், முழுநேரம் படிப்பவருக்கு விலக்கு உண்டு. காப்பகத்தின் பெயர், முகவரி, வரி எண் மூன்றும் படிவத்தில் கேட்கப்படுவதால், அவற்றைச் சேர்க்கும் நாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுமாறு அங்குள்ள பிள்ளைகளுக்குக் கடிதத்தில் ஒரு வரி எழுதலாம்.