மண் இருந்தால் போதுமா? பிரிக்கத் தெரிய வேண்டும்

"புல்மோட்டை மணலில் அருமண் இருக்கிறதாமே, அதை விற்றால் நாட்டின் கடனே தீருமே" என்று கடைக்கு வரும் நண்பர்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள். வியாபாரிகளாகிய நாம் இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அருமண் என்பது 17 மூலகங்கள். ஒலிபெருக்கிக் காந்தம் முதல் மின்சாரக் காரின் மோட்டார் வரை அவற்றில் சில தேவைப்படுகின்றன. பெயரில்தான் 'அரு' இருக்கிறது. பூமியில் அவை அவ்வளவு அரிதல்ல. சிக்கல் என்னவெனில், அவை கலந்தே கிடைக்கும். இரசாயனக் குணங்களும் ஏறத்தாழ ஒன்றே. அரிசியில் கல் பொறுக்குவது இலகு. சம்பாவிலிருந்து அதே நிறம், அதே அளவுள்ள இன்னொரு சம்பாவைப் பொறுக்குவது எப்படி?

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, அயன் பரிமாற்றம். கலவையை அமிலத்தில் கரைத்து, பிசின் மணிகள் நிரப்பிய நீண்ட குழாயில் விடுவார்கள். மூலகங்கள் மணிகளில் ஒட்டிக்கொள்ளும். பிறகு வேறொரு கரைசலை மெதுவாக ஓடவிட்டால், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் கழன்று முன்பின்னாக வெளிவரும். அமெரிக்காவின் அயோவாவில் பேராசிரியர் பிராங்க் ஸ்பெடிங் 1940களில் இம்முறையை வளர்த்தெடுத்தார். சரக்கு மிகச் சுத்தமாக இருக்கும். ஆனால் வேலை மெதுவாகவே நடக்கும்.

இரண்டாவது, கரைப்பான் முறை. மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயில் விசேட இரசாயனமொன்றைச் சேர்த்து, அமிலக் கரைசலுடன் கலக்குவார்கள். கலக்கி நிறுத்தினால் எண்ணெய் மேலே வரும், நீர் கீழே தங்கும். ஒரு மூலகம் மற்றதைவிடச் சற்று அதிகமாக எண்ணெய்க்குள் போயிருக்கும். 'சற்று' மட்டும்தான். ஆகவே தொட்டி தொட்டியாக, நூற்றுக்கணக்கான தடவை இதையே செய்ய வேண்டும். எத்தனை தொட்டி, எவ்வளவு இரசாயனம் என்பதை முன்கூட்டியே கணக்கிடும் வழியை 1970களில் வகுத்தவர் பீக்கிங் பல்கலைக்கழகத்தின் சூ குவாங்சியன். இன்று உலகில் பிரித்தெடுக்கப்படும் அருமண்ணில் சுமார் 90 சதவீதம் சீனாவிலிருந்தே வருகிறது.

கலிபோர்னியாவின் மவுன்டன் பாஸ் சுரங்கத்தைப் பாருங்கள். ஒரு காலத்தில் உலகின் பிரதான அருமண் சுரங்கம் அதுதான். 2002இல் மூடப்பட்டது. 2018இல் மீண்டும் தோண்டத் தொடங்கியபோது, எடுத்த சரக்கைப் பிரிப்பதற்குச் சீனாவுக்கே அனுப்பினார்கள். 2025 ஏப்ரலில் ஏழு மூலகங்களுக்கு ஏற்றுமதி அனுமதிப்பத்திரம் வேண்டுமென்று சீனா அறிவித்ததும், பெரிய வாகனக் கம்பனிகளே தடுமாறின.

பேருவளைச் சகோதரர்களுக்கு இது புதிதல்ல. மதிப்பில்லாத கெவுடக் கல்லை நம்மிடம் சொற்ப விலைக்கு வாங்கிய தாய்லாந்து வியாபாரிகள், அதைச் சூடாக்கி நீலக்கல்லாக விற்றார்கள். கல் நம்முடையது; இலாபம் கைப்பக்குவம் தெரிந்தவருடையது.

புல்மோட்டை மணலில் பெரும்பங்கு இல்மனைட். அருமண் இருப்பது சிறிதளவே உள்ள மொனசைட்டில். அதில் கதிரியக்கமுள்ள தோரியமும் சேர்ந்திருக்கிறது. பிரித்தால் அமிலக் கழிவும் மிஞ்சும்.

ஆகவே, அருமண்ணில் முதலீடு செய்யுங்கள் என்று யாராவது உங்களிடம் வந்தால், மண் எங்கே இருக்கிறது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பிரிக்கப்போவது யார், கழிவு எங்கே போகும் என்ற இரண்டுக்கும் பதில் கேட்டுவிட்டு, அதன்பின் பணப்பையைத் திறவுங்கள்.