சமூகவியல் ஆய்வில் மாதிரித் தேர்வு: வடமலைபுரம் முதல் கிருஷ்ணன்கோவில் வரை

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், 1916ஆம் ஆண்டளவில் தம் மாணவர்களைக் கொண்டு தென்னிந்தியச் சிற்றூர்கள் சிலவற்றை ஆராய்ந்தார். அவற்றுள் ஒன்றான வடமலைபுரம் அன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. இன்று விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அவ்வூர்கள் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. மாணவர்கள் அறிந்த, சென்றுவரத்தக்க ஊர்கள். இது வசதி மாதிரியாகும். எனவே வடமலைபுரத்தின் நிலவுடைமையைக் கொண்டு மாவட்டத்தின் நிலவுடைமையைக் கணிக்க இயலாது. எனினும் பி. ஜே. தாமஸும் கே. சி. இராமகிருஷ்ணனும் 1930களில் ஸ்லேட்டரின் ஊர்களை மறு ஆய்வு செய்தனர். பின்னரும் ஆய்வாளர்கள் அவற்றை நாடினர். காலமாற்றத்தை அறிய அவை பெரிதும் பயன்பட்டன. ஒரு மாதிரி எவ்வினாவிற்கு உரியது என்பதே முதலில் தெளியவேண்டியது.

இன்றைய ஆய்வேடுகள் பலவற்றில் 'சமவாய்ப்பு முறையில் 50 குடும்பங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன' என்னும் ஒற்றைத்தொடரே காணப்படுகிறது. எப்பட்டியலிலிருந்து என்பது கூறப்படுவதில்லை. பட்டியல் இன்றேல் சமவாய்ப்பும் இல்லை.

கிருஷ்ணன்கோவிலை அடுத்த ஒரு சிற்றூரில் 600 குடும்பங்கள் இருப்பதாகக் கொள்வோம். வாக்காளர் பட்டியலைச் சட்டகமாகக் கொண்டால், வேற்றூரிலிருந்து நூற்பாலை வேலைக்கு வந்து தங்கியோர் விடுபடக்கூடும்; ஊரைவிட்டுச் சென்றோர் பெயர் நீடிக்கும். வீடுவீடாகச் சென்று புதிய பட்டியல் தயாரிப்பதே தக்கது. அந்த 600இல் 60 குடும்பங்கள் ஊருக்குப் புறத்தேயுள்ள காலனியில் வாழ்கின்றன எனில், எளிய சமவாய்ப்பு முறையில் எடுக்கும் 50இல் ஏறத்தாழ 5 குடும்பங்களே அங்கிருந்து அமையும். ஐந்தைக் கொண்டு காலனியின் கூலி, கடன் பற்றி எதுவும் உறுதியாகச் சொல்லவியலாது. இங்குப் படுகை மாதிரி வேண்டப்படுகிறது: காலனியில் 20, எஞ்சிய 540இல் 30. ஆனால் ஊர் முழுமைக்கும் சராசரி காணும்போது காலனிக் குடும்பம் ஒவ்வொன்றிற்கும் 3, பிறவற்றிற்கு 18 என எடையிடவேண்டும். இல்லையேல் ஊரில் பத்தில் ஒரு பங்கினர் கணக்கில் ஐந்தில் இரு பங்காகிவிடுவர். இவ்வெடையீடு ஆய்வேடுகளில் பெரும்பாலும் மறக்கப்படுகிறது.

களத்தில் இன்னொரு பிழையும் நேர்கிறது. பகலில் பூட்டிய வீட்டை விடுத்து அடுத்த வீட்டில் வினாநிரலை நிரப்புவது வழக்கமாகிவிட்டது. இராஜபாளையம் வட்டார ஆலைகளுக்கு முறைநேரப் பணிக்குச் செல்வோர் இதனால் மாதிரியிலிருந்து நழுவுகின்றனர். முதியோரும் வேலையற்றோரும் மிகுகின்றனர். அதே வீட்டிற்கு மாலையிலும் விடுமுறை நாளிலும் மீண்டும் செல்லவேண்டும். அதன் பின்னரும் பூட்டியிருந்த வீடுகள் எத்தனை என்பதை முறையியல் இயலில் எண்ணிக்கையுடன் பதிதல் வேண்டும்.