“எல்லாத்துக்கும் நல்லதாவே போட்டுக்கோங்க!”



கணக்கெடுக்க ஒருவர் படிவத்தோடு வருகிறார். “கூட்டத்துல தைரியமா பேசுறீங்களா? பேங்குக்குத் தனியா போறீங்களா? நிலம் வாங்க, விற்க உங்க கருத்தைக் கேக்குறாங்களா?” என்று வரிசையாகக் கேட்கிறார். ஒவ்வொன்றுக்கும் ‘இல்லவே இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எப்போதும்’ என நான்கு கட்டம். அடுப்பில் உலை கொதிக்கிறது. நாம் என்ன சொல்கிறோம்? “எல்லாத்துக்கும் நல்லதாவே போட்டுக்கோங்க சார்!”

அந்த டிக் எப்படி மதிப்பெண் ஆகிறது என்று தெரிந்தால் இப்படிச் சொல்ல மாட்டோம்.

கூட்டினால் போதுமா?

கட்டங்களுக்கு 1, 2, 3 என்று எண் கொடுத்துக் கூட்டும் முறையை 1932-ல் அமெரிக்காவின் ரென்சிஸ் லிக்கர்ட் எழுதினார். சுலபமான முறை. ஆனால் எல்லாக் கேள்வியும் ஒரே கஷ்டம் இல்லையே! குழுவில் பேசுவது ஒன்று. நிலம் விற்கும்போது வீட்டில் நம் பேச்சு எடுபடுவது வேறு. கட்டங்களும் சமமான படிகள் அல்ல. ‘இல்லவே இல்லை’யிலிருந்து ‘எப்போதாவது’க்கு வருவதே சிலருக்குப் பெரிய தாண்டல்.

குடத்துக் கணக்கு

இடுப்பில் ஒரு குடம் சுமப்பவர்கள் நிறையப் பேர். தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என இரண்டு சுமப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். இரண்டு சுமப்பவர் ஒன்றைச் சுமக்க மாட்டாரா? டென்மார்க் நாட்டு ஜார்ஜ் ராஷ் 1960-ல் புத்தகமாக வெளியிட்ட முறை இதைப் போன்றதுதான். எல்லாருடைய பதிலையும் சேர்த்துப் பார்த்து, கேள்வியின் கஷ்டத்தையும் ஆளின் நிலையையும் ஒரே அளவுகோலில் வைக்கிறார்கள். கட்டம் போட்ட படிவங்களுக்கு இதை 1978-ல் விரிவாக்கியவர் ஆஸ்திரேலியாவின் டேவிட் ஆண்ட்ரிச். எந்தப் படி எவ்வளவு உயரம் என்பதையும் நம் பதில்களே காட்டிவிடும்.

பசிக்கும் அளவுகோல்

ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு பசியை அளக்க 8 கேள்விகள் வைத்திருக்கிறது. பதில் ஆமாம், இல்லை மட்டும்தான். கணக்குப் போடுவது ராஷ் முறையில். ‘சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்ற கவலை’ லேசான கேள்வி. ‘பணமில்லாமல் நாள் முழுக்கச் சாப்பிடவில்லை’ கடுமையான கேள்வி. பட்டினி கிடந்தேன், ஆனால் கவலையே இல்லை என்று பதில் வந்தால் அது பொருந்தாத பதில் என்று கணக்கிலேயே தெரிந்துவிடும். ஆனால் மானத்துக்குப் பயந்து எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றால்? அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. அந்த வீட்டுப் பசி கணக்கில் வராமலே போய்விடும்.

நாம் செய்ய வேண்டியது

* ஒவ்வொரு கேள்வியையும் தனியாக யோசித்துச் சொல்லுங்கள்.
* எந்தக் காலத்தைப் பற்றிக் கேட்கிறார்கள், போன மாதமா, போன வருடமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.
* புரியாவிட்டால் “இன்னொரு தடவை சொல்லுங்க” என்று கேளுங்கள். வெட்கம் வேண்டாம்.
* பக்கத்து வீட்டு அக்கா சொன்னதையே நீங்களும் சொல்லாதீர்கள்.
* அவசர வேலை இருந்தால் “அப்புறம் வாங்க” என்று சொல்லுங்கள்.

எல்லாரும் உச்சக் கட்டத்திலேயே டிக் போட்டால் யாருக்கு எவ்வளவு குறை என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. குறை தெரியாத ஊருக்கு உதவி எப்படி வரும்? அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டிப் பேசுங்கள், சகோதரிகளே.