சிம் ரேசிங் சீட் அதிரணுமா? ஆம்ப் வாங்குறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க

வீல், பெடல், சீட் எல்லாம் வாங்கி சிம் ரேசிங் ரிக் போட்டவங்க அடுத்து ஆசைப்படுறது பாஸ் ஷேக்கர். சீட்டுக்கு அடியில மாட்டுற ஒரு சாதனம். ஸ்பீக்கர் மாதிரிதான், ஆனா சத்தத்துக்குப் பதிலா அதிர்வு தரும். கியர் மாத்தினா முதுகுல ஒரு தட்டு, பிரேக் லாக் ஆனா பாதத்துல ஒரு நடுக்கம். இதை ஓட்ட ஒரு ஆம்ப்ளிஃபையர் வேணும். போனஸ் பணம் வீணாகிற இடம் பெரும்பாலும் அதுதான்.

பெட்டி மேல "100 வாட் + 100 வாட்"னு பெருசா போட்டிருப்பாங்க. கொஞ்சம் ஆடிட்டர் கண்ணால பாருங்க. கூட வர்ற அடாப்டர்ல 24 வோல்ட், 5 ஆம்பியர்னு இருக்குன்னு வைங்க. பெருக்கினா 120 வாட். வரவே 120-தான், அப்புறம் தொடர்ந்து 200 எப்படி செலவு பண்ண முடியும்? கணக்கு டேலி ஆகலையே! இந்த ரக குட்டி கிளாஸ்-டி ஆம்ப்கள் பலதுலயும் இருக்கிறது டிபிஏ3116 சிப். அதைத் தயாரிக்கிற டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சொல்ற அளவே, 21 வோல்ட்ல 4 ஓம் லோடுக்கு சேனலுக்கு 50 வாட்தான்.

நல்ல செய்தி என்னன்னா, நிறைய பேருக்கு அதுவே போதும். டேட்டன் ஆடியோவோட பிஎஸ்டி-1 ஷேக்கர் தாங்குறது 50 வாட், 4 ஓம். அதாவது கச்சிதமான ஜோடி. வாட்டை இரட்டிப்பாக்கினா அதிர்வும் இரட்டிப்பாகும்னு நினைக்காதீங்க, கூடுறது வெறும் 3 டெசிபல். பட்கிக்கர் எல்எஃப்இ மாதிரி பெரிய ஆளுங்களுக்கு நூற்றுக்கணக்கான வாட் வேணும், அது வேற பட்ஜெட். அதனால முதல்ல ஷேக்கரை முடிவு பண்ணுங்க, அப்புறம் அதுக்கேத்த ஆம்ப்.

ஓம் விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரே சேனல்ல ரெண்டு 4 ஓம் ஷேக்கரை பேரலலா மாட்டினா லோடு 2 ஓம் ஆகிடும். 4 ஓமுக்குன்னு செஞ்ச ஆம்ப் சூடாகி கட் ஆகும், இல்லைன்னா ஒரேயடியா போயிடும். சீரிஸ்ல மாட்டினா 8 ஓம். பாதுகாப்புதான், பவர் மட்டும் குறையும்.

ஷேக்கருக்கு நாம கொடுக்கப்போறது 20-லேர்ந்து 80 ஹெர்ட்ஸ் வரைக்குமான அடி சத்தம் மட்டும்தான். பாட்டு கேக்கிறவங்க தேடுற துல்லியம், டிஏசி, புளூடூத் எதுக்கும் காசு கொடுக்காதீங்க. புளூடூத்ல தாமதம் வேற வரும். வீட்டுல பழைய ஸ்டீரியோ ஆம்ப் தூங்கிட்டிருந்தா அதையே எழுப்பலாம். ஹோம் தியேட்டர் ரிசீவரா இருந்தா ஸ்பீக்கர் அவுட்ல மாட்டுங்க. சப்வூஃபர் ப்ரீ-அவுட்ல பவர் வராது.

மிச்சப் பணத்தை எங்க போடலாம்? ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டுல. ஹெட்போன் சத்தத்தையே பிரிச்சு கொடுத்தா பின்னணி இசைக்கும் சீட் குலுங்கும். சிம்ஹப் சாஃப்ட்வேர் கேமோட டெலிமெட்ரியைப் படிச்சு, கியர், வீல் லாக், வீல் ஸ்லிப்னு நீங்க கேக்கிறதை மட்டும் தனி சவுண்ட் கார்டு வழியா அனுப்பும். இடது சேனல் சீட்டுக்கு, வலது பெடலுக்கு. ரெண்டுக்கும் நடுவுல ரப்பர் கொடுக்கலைன்னா ஃப்ரேம் மொத்தமும் சேர்ந்து அதிரும், எது எங்கேன்னே புரியாது. ரிக் காலுக்கு அடியிலயும் ரப்பர் அவசியம். அபார்ட்மென்ட்ல கீழ் வீட்டுக்காரர் உங்க கியர் எண்ணிக்கையைத் தெரிஞ்சுக்க வேண்டியதில்ல!

இப்ப நம்ம ஏரியாவுக்கு வருவோம். ரூ.40,000-க்கு "நோ காஸ்ட் இஎம்ஐ", 12 மாசம்னு வைங்க. பேங்க் வட்டி 15 சதவீதம்னா, உள்ள ஒளிஞ்சிருக்கிற வட்டி சுமார் ரூ.3,070. அதைத்தான் முன்கூட்டியே டிஸ்கவுண்ட்னு கழிச்சுக் காட்டுறாங்க. ஆனா அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, சுமார் ரூ.550, உங்க கார்டு ஸ்டேட்மென்ட்ல வரும். பிராசஸிங் ஃபீ தனி. முழுப்பணம் கட்டுறவங்களுக்கு ஏதாவது தள்ளுபடி இருந்தா அதையும் இழந்ததாக் கணக்கு வைங்க.

வெளிநாட்டுலேர்ந்து வரவழைக்கிறவங்க இன்னொண்ணையும் பாக்கணும். கஸ்டம்ஸ் டியூட்டி பொருள் விலைக்கு மட்டும் இல்ல, ஷிப்பிங்கையும் சேர்த்துதான். ஷேக்கர் இரும்பும் காந்தமுமா கனமான பொருள். ஒண்ணு பழுதாகி வாரண்டிக்குத் திருப்பி அனுப்பணும்னா பார்சல் செலவே புதுசு விலையை நெருங்கும். அதனால முதல்ல ஒரே ஒரு ஷேக்கர், ரெண்டு சேனல் ஆம்ப், அவ்வளவுதான் வாங்குங்க. ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க. ரெண்டாவது சேனல் எங்கேயும் ஓடிடாது.