கடன் சுமக்காத வீடு

புதுமனை மந்திரிக்கச் செல்லும் குருவுக்கு அவ்வீட்டின் மகிழ்ச்சியோடு அதன் கடனும் தெரிந்துவிடுகிறது. சென்ற கோடையில் எம் பங்கில் மந்திரித்த வீட்டில் பளபளக்கும் தரையும் தட்டையான கான்கிரீட் கூரையும் இருந்தன. உள்ளேயோ நிற்கவொண்ணா வெப்பம். "இரவில் வெளியில்தான் படுக்கிறோம், சாமி. நிலத்தை விற்றும் கடன் தீரவில்லை" என்றார் குடும்பத் தலைவர். வீடு மனிதனுக்காகவா, மனிதன் வீட்டுக்காகவா?

இக்கேள்வியை வாழ்நாள் முழுதும் எண்ணியவர் லாரி பேக்கர். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்த இவர், தொழுநோயாளர் இல்லங்களின் கட்டடப் பணிக்காக 1945இல் இந்தியா வந்தார். கேரள மருத்துவர் எலிசபெத்தை மணந்து, 2007இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். வீட்டுக்கான பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்து அவர் உள்ளத்தில் பதிந்திருந்தது. முன்னாள் முதலமைச்சர் அச்சுத மேனோன், பொருளியலறிஞர் கே. என். ராஜ் முதலியோருடன் அவர் 1985இல் திருச்சூரில் தொடங்கிய 'காஸ்ட்ஃபோர்டு' நிறுவனம் இன்றும் அவ்வழியே கட்டி வருகிறது.

அவர்தம் முறை எளியது. செங்கல்லைப் படுக்க வைக்காமல், பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவர். இதனை 'எலிப்பொறிக் கட்டு' என்பர். செங்கல்லில் ஏறத்தாழ கால்பங்கு மிச்சமாகும். இடையில் அடைபட்ட காற்று வெயிலின் வெப்பத்தைத் தணிக்கும். கூரையின் அடிப்பகுதியில் உள்ள கான்கிரீட் பாரம் தாங்க அதிகம் உதவுவதில்லை. எனவே, அங்கே பழைய மங்களூர் ஓடுகளைப் பதிப்பர். சிமெண்டும் கம்பியும் குறையும். சுவருக்குப் பூச்சில்லை. பல இடங்களில் சன்னலுக்குப் பதிலாகச் செங்கல் துளைகளே காற்றும் ஒளியும் தரும். 1971ஆம் ஆண்டளவில் திருவனந்தபுரத்தில் எழுந்த லொயோலா சிற்றாலயம், இச்சிக்கனம் இறைவன் இல்லத்துக்கும் அழகே என்பதற்குச் சான்று.

இதற்கு நன்கு வெந்த செங்கல்லும் பழகிய கொத்தனாரும் தேவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், நம் தருமபுரி மாவட்டத்தில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. ஓட்டு வீடும் மண்சுவரும் நம் முன்னோர் அறிந்தவையே. சித்தேரி மலையடியிலுள்ள சிட்டிலிங்கியில் மருத்துவர்களான ரெஜி ஜார்ஜ், லலிதா தம்பதியர் 1993இல் பழங்குடியினருக்கான மருத்துவப் பணியை ஒரு குடிசையில்தான் தொடங்கினர். கட்டடத்தின் ஆடம்பரம் அப்பணிக்குத் தேவைப்படவில்லை.

அன்புக்குரிய பங்குமக்களே, அண்டை வீட்டாரின் மாடியைப் பார்த்து அளவெடுக்காதீர்கள். நம் வருவாய் எவ்வளவு, நம் மண்ணில் கிடைப்பது எது, நம் வெயில் எத்தகையது என்று கணவனும் மனைவியும் அமர்ந்து கணக்கிடுங்கள். வீடு மந்திரிக்க என்னை அழைப்போர், கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன்னரும் ஒருமுறை அழைத்தால் மகிழ்ச்சியோடு வருவேன்.